கறுப்புக் கட்டத்துக்குள் என் குரல்

எனக்குப் பொறாமை உண்டு. சிலருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதுபோல எனக்கு இது. மாத்திரைதான் கிடையாது. நகைக்கோ புடவைக்கோ பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகளின் சம்பளத்துக்கோ என் வயிறு எரிந்ததே இல்லை. அந்த விஷயத்தில் நான் தங்கம். ஆனால் என் மனுஷி என்று நான் நினைத்து வைத்திருக்கும் ஒருத்தி வேறு யாரோடாவது சிரித்துப் பேசிவிட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. என் கணவருக்கு இது தெரியும். அதனால் அவர் என் எதிரில் யாரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

காளிகாட் மெட்ரோவிலிருந்து நடந்து வரும் தூரத்தில் எங்கள் கட்டடம். லிஃப்ட் கிடையாது. முதல் மாடியில் நேருக்கு நேராக இரண்டு கதவுகள்: ஒன்று எங்களுடையது, மற்றது பௌதியினுடையது. பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. எனக்கு அவள் உறவு ஒன்றுமில்லை; எதிர் வீட்டுக்காரி. கல்யாணமாகி நான் இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கணவர் போய்விட்டார், ஒரே மகன் பெங்களூரில். நாலு மணி ஆனால் அவள் வீட்டில் எனக்கு டீ. பொரியும் பச்சை மிளகாயும் ஒரு கிண்ணத்தில் இருக்கும். அவள் போடும் டீ சுமார்தான். இருந்தாலும் நாலு மணிக்கு நான் வேறு எங்கும் இருந்ததில்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு சால்ட் லேக் செக்டர் ஐந்தில் ஒரு கம்பெனியில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வாங்கிய சாமான் வேலை செய்யவில்லை என்று திட்டுகிறவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி ஊரை விட்டுப் போனபோது நான் போகவில்லை. வீட்டோடு இருந்தவளைத் தேடி வேலை தானாக வந்தது. அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் பெற்றவர்களுக்குக் கேமரா, பேசும் ஸ்பீக்கர், தானாக எரியும் விளக்கு என்று வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். பெற்றவர்கள் அதை மாட்டிக்கொண்டு, அதற்குப் பயந்துகொண்டு வாழ்கிறார்கள். நான் போய் அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வருவேன். போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வீட்டுல நடக்கறது யார் யார் ஃபோன்ல தெரியறது?" என்பது. பாதிப் பேருக்குத் தெரியாது. வேலையை விட்டுப் போன நர்ஸின் ஃபோனில் இன்னும் படுக்கையறை தெரிந்துகொண்டிருக்கும்.

சால்ட் லேக்கில் ஒரு மாமா. ரிட்டயர் ஆன அதிகாரி, நம்மவர்தான். சாப்பாட்டு மேஜைக்கு மேலே மகள் கேமரா வைக்கச் சொல்லியிருந்தாள். சர்க்கரைக்காரர், அதனால். அவர் சந்தேஷ் இனிப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்றுகொண்டிருந்தார். மாமி இதை என்னிடம் சொல்லி அழுதாள். நான் கேமராவை வாசலைப் பார்க்கத் திருப்பினேன், மைக்கை அணைத்தேன், மகளிடம் அரை மணி நேரம் ஃபோனில் சண்டை போட்டேன். இப்போது அவர் மேஜையில் உட்கார்ந்து தின்கிறார், மாமி எதிரில் உட்கார்ந்து திட்டுகிறாள். ஒரு குடும்பம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

போகும் வீட்டிலெல்லாம் நான் ஒரே பாடத்தைச் சொல்லுவேன். படம் ஒரு குழாய், சத்தம் இன்னொரு குழாய். ஒன்றை மூடினால் மற்றது தானாக மூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

போன வருஷம் பௌதியின் மகன் கேமரா வைத்த காலிங்பெல் ஒன்று அனுப்பினான். மாட்டியவள் நான்தான். கதவுகள் நேருக்கு நேர் என்பதால் அந்த பெல்லின் கண்ணில் முதலில் விழுவது என் வீட்டு வாசல். விடுவேனா? செட்டிங்கில் போய், படத்தில் என் கதவு வரும் இடத்தின்மேல் ஒரு கறுப்புக் கட்டம் போட்டேன். பல பெல்களில் இந்த வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. இனி யார் பார்த்தாலும் மாடிப்படி தெரியும், பௌதியின் கால்மிதி தெரியும், நடுவில் கறுப்பாக ஒரு சதுரம் தெரியும். அவள் மகனிடமும் ஃபோனில் சொல்லிவிட்டேன். "காகிமா, நீங்க எப்படிச் செஞ்சாலும் சரி" என்றான். காகிமா என்றால் சித்தி. நல்ல பையன்.

மைக்கை அணைக்கப் போனபோது பௌதி தடுத்தாள். சாமான் கொண்டுவருகிறவன் வெளியே நின்று என்ன சொல்கிறான் என்று அவளுக்குக் கேட்க வேண்டுமாம். வேறு வீடாக இருந்தால் வாதாடியிருப்பேன். இங்கே விட்டுவிட்டேன். எங்கள் வாசலில் நாங்கள் பேசுவது தமிழ். பௌதிக்குத் தமிழ் தெரியாது, அவள் மகனுக்கும் தெரியாது. கேட்டால்தான் என்ன என்று நினைத்தேன்.

இது எங்களைப் போல் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு இருக்கும் கொழுப்பு. மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கைப் பற்றிப் பேசுவோம். புடவைக் கடையில் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "இவன் ஏமாத்தறான், எழுந்திரு" என்போம். டாக்டர் முன்னாலேயே டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்போம். வீட்டுக்குத் திரைச்சீலை வாங்காதவர்கள் உண்டு, இந்தத் தமிழ்த் திரையை நம்பாதவர்கள் எங்களில் கிடையாது. சின்ன வயதில் சென்னைக்குப் போனால், ரயிலை விட்டு இறங்கும்போதே அம்மா என் கையைக் கிள்ளுவாள். "இங்க எல்லாருக்கும் புரியும், வாயை மூடிண்டு வா" என்பாள். அந்த லீவு முழுக்க எனக்கு மூச்சு முட்டும்.

இந்த நிலையில்தான் மூன்றாம் மாடிக்கு அவள் வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. கணவருக்கு பேங்கில் மாற்றல். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவள். பார்க்க லட்சணம், அதை நான் ஏன் மறைக்க வேண்டும். அவள் வீடு பேசும். விளக்கே எரி என்றால் எரியும், திரையே மூடு என்றால் மூடும். கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பௌதி பார்த்துவிட்டு வந்தவள், மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

எனக்கு எது முதலில் உறுத்தியது என்று கேட்டால், அவளுடைய வங்காளிப் பேச்சு. அவள் வந்த புதிதில் "ஆமி பாலோ ஆச்சி" என்று மூன்று வார்த்தை சொன்னாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதையும் கோயம்புத்தூர் ராகத்தில் இழுத்துச் சொன்னாள். கட்டடமே உருகிப் போயிற்று. என்ன இனிமை, என்ன இனிமை என்று பௌதி என்னிடமே வந்து சொன்னாள். நான் பிறந்ததிலிருந்து வங்காளி பேசுகிறேன். வங்காளிகளே தப்பாக எழுதும் கூட்டெழுத்தையெல்லாம் சரியாக எழுதுவேன். ஒருத்தராவது ஒரு நாளாவது அடடா என்றதுண்டா? சரளமாகப் பேசினால் மதிப்பில்லை, திக்கிப் பேசினால் கைதட்டல். நல்ல நியாயம்.

அப்புறம் முட்டி. பௌதிக்கு முட்டி வலி. என் வீட்டுக்கு வர அவள் தாண்ட வேண்டியது இரண்டே வாசற்படி. அதற்கே "என்னால முடியல, நீயே இங்க வா" என்பாள். அந்த முட்டி மூன்றாம் மாடிக்கு ஏறியது. நாலு மணிக்கு நான் பொரிக்கிண்ணத்தை நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் உள்ளே யாருமில்லை. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் மாடிப்படி வழியாக இறங்கி வரும். ஃபில்டர் காப்பியின் வாசனையும் வரும். காப்பி! இத்தனை வருஷத்தில் நான் எத்தனை தடவை காப்பி தருகிறேன் என்று கெஞ்சியிருப்பேன், கசப்பு வேண்டாம் என்று மூஞ்சியைச் சுளித்த அதே பௌதி.

ஒரு நாள் பௌதி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "இவ பெரிய எக்ஸ்பர்ட். உன் வீட்ல எது எது உன்னைப் பாக்குதுன்னு இவ சொல்லுவா" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னாள். என் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. இவளுடைய வீட்டில் நூறு ஓட்டை கண்டுபிடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பீக்கரின் மைக் அணைந்திருந்தது. தேவையானபோது மட்டும் போடுவாளாம். பழைய பேச்சுகள் தானாக அழிவதுபோல வைத்திருந்தாள். கேமரா ஒன்றே ஒன்று, பால்கனியைப் பார்த்துக்கொண்டு. வைஃபைக்கு வருகிறவர்களுக்குத் தனி பாஸ்வேர்டு. யார் யார் ஃபோனுக்கு அனுமதி என்று பார்த்தால் அவளும் கணவரும் மட்டும். நான் திருத்த ஒரு புள்ளி பாக்கி இல்லை.

"எல்லாம் சரியா இருக்குங்களா, அக்கா?" என்றாள்.

"ம், பரவாயில்ல" என்றேன். காப்பி வேறு நன்றாக இருந்தது. ஒரு மனுஷிக்கு எதிலாவது ஒரு குறை இருக்க வேண்டாமா?

துர்கா பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் நானும் பௌதியும்தான் கரியாஹாட் போய்ப் புடவை எடுப்போம். அவள் பேரம் பேசுவாள், நான் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுப்பேன், அது எங்களுக்குள் ஒரு வித்தை. இந்த வருஷம் நான் அலிப்பூரில் ஒரு வீட்டில் வேலையை முடித்து, என் கணவரையும் அவர் ஆபீஸ் வாசலில் கூட்டிக்கொண்டு, ராஷ்பிஹாரி முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிர்ப்பக்கம் ஒரு காரிலிருந்து பௌதியும் கோயம்புத்தூர்க்காரியும் இறங்கினார்கள். கை நிறையப் புடவைக் கடைப் பைகள். பௌதி எதற்கோ சிரித்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அது நான் நிற்கும் இடம். அந்தத் தோள் என் தோளாக இருக்க வேண்டியது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, பழச்சாறு கடைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கதவுக்கு முன்னால் வந்து நின்றதும் திறந்தேன். என் கணவர் பாக்கெட்டில் சாவி தேட, நான் பூட்டிய பௌதியின் கதவைப் பார்த்துக்கொண்டு, தமிழில், முழுக் குரலில் ஆரம்பித்தேன்.

"பௌதியாம் பௌதி! இத்தனை வருஷமா இந்த பௌதி ஆத்து டீயத்தானே குடிச்சிண்டிருக்கேன்? வெந்நீர்ல சாயம் போட்டாப்ல ஒரு டீ! அதுக்கும் நாலு மணிக்கு நாய் மாதிரி போய் உக்காந்தேனா இல்லையா? பௌதிக்குக் கால் வீங்கினப்போ யார் ஓடினா? நான் ஓடினேன். இப்ப மூணாம் மாடி ஏறறாளே, முட்டி என்னத்துக்கு ஆகும்? விழுந்து வெச்சா அந்த மினுக்கியா வந்து தூக்குவா? அவளுக்கென்ன, சுவத்தோட பேசறவ. மனுஷா கெடைக்காமதானே சுவத்துக்குப் பேச்சுக் கத்துக் குடுத்திருக்கா! நன்றி கெட்டவ இந்த பௌதி. போகட்டும், அவளோடயே போகட்டும். பௌதி இல்லாட்டா எனக்கு டீ எறங்காதாக்கும்!"

"சாவிய எங்கடி வெச்ச?" என்றார் என் கணவர்.

சாவி என் பையில்தான் இருந்தது. உள்ளே போய்க் கதவை அறைந்தேன். அதோடு கொஞ்ச நாள் நாலு மணிக்கு நான் எதிர்க் கதவைத் தட்டவில்லை. வீட்டிலேயே டீ போட்டுக் குடித்தேன். நல்ல டீ, இஞ்சி தட்டிப் போட்டு. பாதியைத் தொட்டியில் கொட்டினேன்.

ஒரு சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். பௌதி நின்றாள். கையில் மூடி போட்ட கிண்ணம். வாழைப்பூவை ஆய்ந்து, எனக்காக இறால் போடாமல் பண்ணியிருந்தாள். அவளுடைய கண் சிவந்திருந்தது. கிண்ணத்தை என் கையில் கொடுத்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். பௌதி கட்டிக்கொள்கிற ரகம் இல்லை. யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துப் பதறிப் போனேன்.

"பாகோல்!" என்றாள். பைத்தியம் என்று அர்த்தம். "இதையெல்லாம் மனசுல வெச்சிருக்கே, என்கிட்ட ஒரு நாள் சொன்னியா?"

"எதை?"

அவள் ஃபோனை எடுத்துக் காட்டினாள். மாடிப்படி, கால்மிதி, நடுவில் நான் போட்ட கறுப்புக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ளிருந்து என் குரல் வந்தது. பௌதியாம் பௌதி!

படத்தில் நான் இல்லை. என் கதவு இல்லை. அவ்வளவு பத்திரமாக மறைத்திருந்தேன். என் குரல் மட்டும், பக்கத்தில் நின்று பேசுவதுபோல, ஒரு எழுத்து விடாமல் கேட்டது. படம் ஒரு குழாய், சத்தம் இன்னொரு குழாய். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ வீட்டுக்கு வந்துட்டியான்னு பாக்கத்தான் பெல்லுல பதிவானத எடுத்தேன்" என்றாள் பௌதி. "பாத்தா நீ பௌதி பௌதின்னு என்னமோ சொல்லிட்டே இருக்கே. நான் உன்னை விட்டுட்டுப் புடவை எடுக்கப் போனது உனக்குக் கோபமோன்னு பயந்துட்டேன். நீ வேலைக்குப் போயிருந்தே, அவ வண்டி வெச்சிருந்தா, அதான் போனேன். அப்புறம் நீ டீக்கும் வரல. எனக்குத் தூக்கமே இல்ல. கடைசில மேல போய் அவகிட்டப் போட்டுக் காட்டி, இவ என்னை என்ன சொல்றான்னு கேட்டேன்."

என் திரை கிழிந்தது அங்கேதான். இந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஒரு வெளிமனுஷி. அவளைப் பற்றியே நான் பேசிய பேச்சு. அவள் கையிலேயே.

"அவ என்ன சொன்னா?" என்றேன்.

பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனப்பாடம் பண்ணியதை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "இத்தனை வருஷமா பௌதி வீட்டு டீதான் எனக்கு டீன்னு சொன்னியாம். நாலு மணி ஆனா என்னால வேற எங்கயும் இருக்க முடியலைன்னு சொன்னியாம். என் கால் வீங்கினா நீதான் ஓடி வருவேன்னு. மூணாம் மாடி ஏறறாளே, முட்டி என்ன ஆகும், விழுந்துட்டா யார் தூக்குவான்னு கவலைப்பட்டியாம். கடைசில, பௌதி இல்லாட்டா எனக்கு டீ எறங்காதுன்னு..." மூக்கை உறிஞ்சினாள். "தாதா கூட ஏதோ சொன்னாரே, அது என்னன்னு கேட்டேன். ஆமா, வாஸ்தவம்னாராம்."

உள்ளே செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்த தாதா, அதாவது என் கணவர், தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பௌதியை அனுப்பிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கோபமா வெட்கமா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து மூச்சு வாங்கியது. அவள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, விளக்கை இந்தத் தடவை கையாலேயே போட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "நான் சொன்னது வேற."

"இல்லீங்க்கா. நீங்க சொன்னதத்தான் சொன்னேன். கோவத்த மட்டும் எடுத்துட்டேன்."

மனதுக்குள் அந்தப் பேச்சை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். டீ, கால், முட்டி, நாலு மணி. எல்லாம் நான் சொன்னதுதான்.

"உங்களைப் பத்தியும் பேசினேனே" என்றேன். "அது?"

"அது என்னைப் பத்தினதுங்க்கா. அத எதுக்கு அவங்ககிட்டச் சொல்லோணும்? நானே வெச்சுக்கிட்டேன்." கொஞ்சம் சிரித்தாள். "செவுத்தோட பேசறேன்னு சொன்னீங்களே, அது நெசந்தானுங்க்கா. இந்த ஊருல வந்து எறங்கறப்ப யாருந் தெரியாது. அவரு காலைல போனா ராத்திரிதான். பௌதி வர்றாங்கன்னுதான் நாலு மணிக்குக் காப்பி போடறேன். நீங்களும் வாங்களேன்."

எதைச் சொல்ல வேண்டும், எதைத் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், யாருக்கு எந்த அளவு தெரிந்தால் போதும் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன். இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தொழிலிலும் இவள் என்னைவிட நன்றாக இருந்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்பது வேறு. அது போதாதென்று ஒரு டப்பா நிறையக் காப்பிப்பொடி கொடுத்தனுப்பினாள். மாடிப்படி இறங்கும்போது எனக்கு அவள்மேல் வந்த பொறாமைக்கு முன்னால், பழைய பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் நாலு மணிக்குப் பௌதி வீட்டுக்குப் போனேன். அதே சாயத் தண்ணீர். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடித்துவிட்டு, "பௌதி, ஃபோனைக் குடு, அந்த மைக்கை அணைச்சுடறேன்" என்றேன். வாசலில் பேசுவது யாருடையதானாலும் அது பதிவாகக் கூடாது, நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று நீளமாக விளக்கினேன். சாமான் கொண்டுவருகிறவன் பேசுவது கேட்டால் போதும், அதைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை என்றதும் ஒத்துக்கொண்டாள். சேமிப்பதை நிறுத்தினேன். அப்படியே போகிற போக்கில் பழசையும் அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

பௌதி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அதை மட்டும் தொடாதே!" என்றாள். "மேல இருக்கறவ அதைத் தனியா எடுத்து வெச்சுக்கறது எப்படின்னு காட்டிக் குடுத்துட்டா."

"யாருக்காவது அனுப்பினியா? பையனுக்கு?" பெங்களூரில் அவன் ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"அவனுக்கு எதுக்கு? சிரிப்பான். இது எனக்கு."

அடுத்தவர் ஃபோனில் அடுத்தவர் வைத்துக்கொள்ள விரும்புவதை அழிக்க எனக்கு உரிமை இல்லை. இதையும் நான்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். அதில் இருப்பது என் குரல், அழி என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் ஏன் என்று அவள் கேட்பாள். ஏன் என்று நான் எப்படிச் சொல்வது?

இப்போது பௌதி தமிழ் கற்றுக்கொள்கிறாள். என் பேச்சை நேராகவே புரிந்துகொள்ள வேண்டுமாம். கோயம்புத்தூர்க்காரிதான் வாத்தியார். இதைக் கேட்டதும் நான் மேலே ஓடினேன். "பயப்படாதீங்க்கா, காய்கறிப் பேரோட நிறுத்திக்கறேன்" என்றாள். இதுவரை கத்திரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் வந்திருக்கிறது. பௌதி ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து சொல்லிக் காட்டுகிறாள். நான் அடடா என்கிறேன்.

நாலு மணிக்கு மூன்று பேரும் சேர்ந்துதான் உட்காருகிறோம், ஒரு நாள் கீழே, ஒரு நாள் மேலே. அவளோடு பௌதி சிரித்தால் எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. அது போகாது. சில நாள் நானும் பௌதியும் மட்டும் இருக்கும்போது, அவள் ஃபோனை எடுத்து அந்தக் கறுப்புக் கட்டத்தை ஓடவிடுவாள். ஒரு வார்த்தை புரியாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நன்றி கெட்டவ என்று நான் கத்துகிற இடம் வந்ததும் "இதோ, இந்த இடம்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த இடத்தில்தான் என் குரலில் பாசம் அதிகமாம்.

போன வாரம் கேட்டு முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நேர்ல நீ இப்படி ஒரு நாளாவது பேசறியா?" என்றாள். அவளுக்குப் பிடித்தவள் அந்தக் கட்டத்துக்குள் இருப்பவள். பக்கத்தில் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தக் கட்டத்துக்காரிமேல் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது.